முழங்கால் போன பிறகு வந்த ரொனால்டோ

நடுவர் அவர்களே, வணக்கம்.

'ரொனால்டோவின் உச்சம் காயத்துக்கு முன்பா, பின்பா?' என்பது தலைப்பு. போர்ச்சுகல்காரரைப் பற்றிய பேச்சு என்று நினைத்து யாராவது வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவர் பிரேசில் கால்பந்து வீரர், ரியோ டி ஜனீரோவின் பென்டோ ரிபெய்ரோ பகுதிப் பையன். மூத்தவர். அவர் உச்சம் காயத்துக்குப் பின்புதான் என்பது என் கட்சி.

எதிரணி நண்பர் 1996-97 பார்சிலோனாவைக் காட்டினார். 49 ஆட்டம், 47 கோல். மறுக்க முடியுமா? ஸ்பெயின் அணியான கொம்போஸ்தெலாவுக்கு எதிரான அந்தக் கோலையும் வர்ணித்தார். ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், இன்னொருவர் குறுக்கே விழுகிறார், பையன் நிற்கவே இல்லை. பயிற்சியாளர் பாபி ராப்சன் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் அதைப் பார்த்துக் கை தட்டியவன்தான். ஆனால் ஐயா, அது இருபது வயது செய்த வேலை. அந்த வயதில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். கேட்காமல் போனபோது என்ன செய்தார் என்பதல்லவா நம் கேள்வி?

1999 நவம்பரில் இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்கு ஆடும்போது வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. 2000 ஏப்ரலில் லாட்சியோ அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் மோதவில்லை, இடிக்கவில்லை. பந்தை வைத்துக்கொண்டு ஓடியவர் அப்படியே சரிந்தார். அதே முழங்கால். அடுத்த சீசன் முழுக்க அவர் களத்திலேயே இல்லை.

2002 உலகக் கோப்பை நெருங்கியபோது பிரேசிலே 'ரொமாரியோவைக் கூப்பிடுங்கள்' என்று, மூத்த கோல் வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கத்தியது. பயிற்சியாளர் ஸ்கொலாரி அசையவில்லை. ரொனால்டோவை நம்பிக் கூட்டிப்போனார்.

அரையிறுதியில் துருக்கிக்கு எதிராக விழுந்தது ஒரே கோல். காலை ஓங்கவே இல்லை, கட்டைவிரல் நுனியால் ஒரு குத்து! தெருவில் நாம் அப்படி அடித்தால் 'ஆடத் தெரியாதவன்' என்பார்கள். கால் ஓங்கினால்தானே கோல்கீப்பர் உஷாராவார்? வேகத்தை மட்டும் நம்பியவருக்கு இந்தக் குறுக்குப் புத்தி வராது ஐயா.

அப்புறம் அந்தத் தலைமுடி. முன்நெற்றியில் மட்டும் ஒரு முக்கோணம். எல்லோரும் தன் காலைப் பற்றியே பேசுகிறார்களே, பேச்சை மாற்றத்தான் அப்படி வெட்டினேன் என்று பின்னால் அவரே சொன்னார். கோல்கீப்பரை மட்டுமா, பத்திரிகைக்காரர்களையும் ஏமாற்றியிருக்கிறார்!

இறுதி ஆட்டம், யோகோஹாமா, ஜூன் 30. எதிரே ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான். 67வது நிமிடம். ரொனால்டோ பந்தை இழந்து கீழே விழுகிறார். முழங்காலில் இரண்டு முறை கத்தி பட்டவர், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து நடுவரைப் பார்த்துக் கை விரித்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? எழுந்தார். ஜெர்மனியின் ஹமானிடமிருந்து பந்தைத் திரும்பப் பறித்தார். சக ஆட்டக்காரர் ரிவால்டோவுக்குக் கொடுத்தார். ரிவால்டோ அடித்ததைக் கான் நழுவவிட, அதற்குள் அங்கே வந்து நிற்பதும் இவரே. கோல். 79வது நிமிடத்தில் இன்னொன்று. கோப்பை பிரேசிலுக்கு.

பிற்காலத்தில் எடை போட்டார் என்று நண்பர் சிரித்தார். சரி, போட்டார்தான். அந்த எடையோடு பிரேசில் அணியான கொரிந்தியன்ஸுக்கு ஆடி 2009இல் பிரேசில் கோப்பையையும் வென்றார். ஓய்வு பெறும்போது தைராய்டு கோளாறு என்று சொன்னார். அதற்கும் சேர்த்துச் சிரிப்பாரா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். நண்பருக்கு ஒரு சின்னக் கணக்கு. உலகக் கோப்பைகளில் ரொனால்டோ போட்டது மொத்தம் 15 கோல். காயத்துக்கு முன், 1998இல் 4. மீதி 11 எந்த முழங்காலோடு போட்டது என்று அடுத்து வரும் பேச்சாளர் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.