கியர்பாக்ஸுக்கும் ஆயில் உண்டு

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களிடம் என்ஜின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் தேதியோடு சொல்வார்கள். கியர்பாக்ஸ் ஆயில்? "அதை மாற்றவே வேண்டாமாமே!" இந்த 'வேண்டாமாமே'தான் பல கியர்பாக்ஸுகளைக் காவு வாங்குகிறது.

பெட்ரோல் செடான்களில் பரவலாக வரும் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். உள்ளே முதல் கியர், இரண்டாம் கியர் என்று படிகள் கிடையாது. இரண்டு புல்லிகள், அவற்றை இணைக்கும் ஒரு எஃகு பெல்ட், அவ்வளவுதான். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிரே நிற்கும் இரண்டு கூம்பு வட்டுகள். வட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும்; விலகினால் நடுவை நோக்கி இறங்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் என்ஜின் முதலில் இரைந்து, வேகம் பிறகு வருகிறதே, அது இதனால்தான். கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. பெல்ட்டைப் புல்லியோடு பிடித்து வைத்திருப்பது உராய்வு ஒன்றுதான். அதற்கென்றே தயாரித்த சிவிடி ஆயில்தான் வேண்டும். கையில் கிடைத்த ஏடிஎஃப்பை, அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயிலை, ஊற்றினால் பெல்ட் நழுவும். நழுவினால் புல்லியின் முகத்தில் கீறல் விழும். பிறகு ஆயில் மாற்றிப் பயனில்லை. சரியான ஆயிலும் சூட்டில் கெடும். எப்போது மாற்றுவது என்பதற்குக் கார்க் கையேட்டில் 'கடினமான உபயோகம்' என்று தனி அட்டவணை இருக்கும். நெரிசலில் ஊர்கிறவர்கள், மலை ஏறுகிறவர்கள் எல்லாம் அந்தக் கணக்குதான்.

மாற்றும்போது ஒன்று. அடி போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வந்துவிடாது; என்ஜின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலை ஆற்றும் கூலரிலும் நிறையத் தங்கிவிடும். வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும் வெப்பநிலையில்தான் மட்டம் பார்க்க வேண்டும். ஆறிய நிலையில் நிரப்பினால் சூடேறியதும் கூடிவிடும். கூடினால் நுரைக்கும், வட்டுகளை நெருக்கும் அழுத்தத்தை நுரையால் தர முடியாது, மறுபடி நழுவல்தான்!

பல்சக்கரம் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்கும் ஆயில் விஷயம் இதேதான். இரட்டைக் கிளட்ச் வண்டியில், அதுவும் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் என்றால், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராதீர்கள். கொஞ்சம் இடைவெளி விழுந்த பிறகு நகருங்கள். மேட்டில் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கினால் கிளட்ச் கருகும்.

என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டுக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. 1997இல் வந்த டொயோட்டா ப்ரியஸ் வகையில் பெல்ட்டே கிடையாது. நடுச் சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். ரிவர்ஸ் கியர்கூட இல்லை, மோட்டார் திசை மாறிச் சுற்றுகிறது. ஹோண்டாவின் இரட்டை மோட்டார் ஹைப்ரிட்டில் பெரும்பாலும் மோட்டார்தான் ஓட்டுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் என்ஜினைச் சக்கரத்தோடு நேரே சேர்க்கிறது.

கடைசியாக ஒன்று: முன்சக்கரம் இழுக்கும் ஹைப்ரிட் நின்றுபோனால், முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போக விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உண்டாகும். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கட்டும், அல்லது வண்டியையே லாரியில் ஏற்றட்டும். வணக்கம்.