வெல்லாத முப்பது ஆண்டுகள்

நடுவர் அவர்களே, அவையோரே, பயிற்சி முடித்து ஜெர்சியைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 பருவங்கள் பயிற்சியாளராக இருந்தவர் பேட் சம்மிட். அவருடைய பெருமை அதிகம் தெரிவது கோப்பை வென்ற ஆண்டுகளிலா, வெல்லாத ஆண்டுகளிலா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் கணக்கோடு வந்தார். 1,098 வெற்றிகள், எட்டு தேசியக் கோப்பைகள், 1997-98 பருவத்தில் 39 ஆட்டங்களில் 39 வெற்றி. அத்தனையும் உண்மை. நான் அதே கணக்கில் ஒரு கழித்தல் மட்டும் போடுகிறேன். 38-இல் எட்டு போனால் முப்பது. முப்பது வருடம் அந்த அம்மா தேசியக் கோப்பை இல்லாமல்தான் வீடு திரும்பியிருக்கிறார். நாங்கள் பேச வந்திருப்பது அந்த முப்பதைப் பற்றி.

1974-க்குப் போவோம். மேற்படிப்புக்கும் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கும் டென்னசிக்கு வருகிறார். இருந்த பயிற்சியாளர் விலகிவிட, பொறுப்பு முழுவதும் இவர் தலையில் வந்து விழுகிறது. வயது 22. அணியில் சிலர் அவரைவிட ஓரிரு வயதுதான் சின்னவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடை, டோனட் விற்ற காசில் வாங்கியது. அந்தச் சீருடையைத் துவைப்பது இவர். ஊர் ஊராக வேன் ஓட்டிக்கொண்டு போவதும் இவர். ஒருமுறை வெளியூர் ஆட்டத்துக்குப் போனபோது தங்க இடமில்லாமல், எதிரணியின் உள்விளையாட்டு அரங்கத் தரையிலேயே பாய் விரித்து எல்லோரும் படுத்திருக்கிறார்கள். நடுவர் அவர்களே, நாளைக்கு யாரோடு மோத வேண்டுமோ அவர்கள் அரங்கத்திலேயே இன்று இரவு தூக்கம்!

இதற்கு நடுவில் அவருக்குச் சொந்தமாக ஒரு வலியும் இருந்தது. முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பகலில் வகுப்பு எடுக்க வேண்டும், தன் பட்டத்துக்கும் படிக்க வேண்டும், அணியையும் பார்க்க வேண்டும், அந்தக் காலைத் தேற்றி ஒலிம்பிக்குக்கும் தயாராக வேண்டும். தயாரானார். 1976 மான்ட்ரியாலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது வெள்ளி வாங்கிய அமெரிக்க அணியில் அவர் இருந்தார்.

பயிற்சியாளராக அவருடைய முதல் ஆட்டம் என்ன ஆயிற்று? மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83 என்று தோல்வி. ஒரே ஒரு புள்ளி. முதல் தேசியக் கோப்பை வந்தது 1987-இல், பதின்மூன்றாவது பருவத்தில். அதற்குள் 1980, 1981, 1984 என்று மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றிருக்கிறார். வாசல்வரை போய்த் திரும்பி வருவது எவ்வளவு கனம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு எந்த நிர்வாகம் ஒரு பயிற்சியாளருக்குப் பன்னிரண்டு வருடம் பொறுத்திருக்கும்?

எதிரணி கேட்டது: "கோப்பை இல்லையென்றால் அவர் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?" சரி, நியாயமான கேள்வி. பெயர் நம் காதுவரை வந்தது கோப்பையால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு கேட்பது புகழை அல்ல, பெருமையை. அதற்கு நான் காட்டுகிற சாட்சி எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லாதது.

அந்தக் காலத்தில் டென்னசி மாநிலத்துப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்துக்குத் தனி விதி. ஓர் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில், மூன்று பேர் மறு பாதியில். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. தடுப்பாட்டத்தில் நிறுத்தப்பட்ட பெண் பந்தைப் பிடுங்கலாம், கோடுவரை கொண்டு வரலாம், அங்கே நின்று அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். எத்தனை வருடம் ஆடினாலும் ஓர் ஆட்டத்தில்கூட வளையத்தை நோக்கி எறியாமலே பள்ளியை முடித்துவிடுவாள். முழு மைதானம் ஓடினால் பெண்ணின் உடம்பு தாங்காது என்கிற பழைய எண்ணத்தில் பிறந்த விதி அது. அப்படி வளர்ந்த பெண் கல்லூரிக்கு வந்தால், முழு மைதானம் ஆடிப் பழகிய வெளிமாநிலப் பெண்ணோடு எப்படிப் போட்டியிடுவாள்? உதவித்தொகை யாருக்குப் போகும்? இந்த விதி போக வேண்டும் என்று வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் சம்மிட் ஒருவர். 1979-இல் மாற்றம் வந்தது. அதன்பின் டென்னசிப் பள்ளிகளில் ஒவ்வொரு சிறுமிக்கும் முழு மைதானம் கிடைத்தது. நண்பரே, அன்று அவர் கையில் ஒரு தேசியக் கோப்பைகூட இல்லை!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும், காரணமில்லாமல் விடுப்பு எடுக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கல்லூரி அணியில் ஆட அனுமதியுள்ள காலம் முழுவதும் அவரிடம் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கியிருக்கிறாள். கோப்பை வென்ற வருடம், தோற்ற வருடம் என்ற பேதமே அதில் இல்லை.

கடைசியாக 2011. ஆகஸ்டில் அவரே வெளியே சொன்னார், தனக்கு அல்சைமர் வகை மறதி நோய் தொடங்கிவிட்டது என்று. வயது 59. மூடி மறைத்திருக்கலாம், உடனே விலகியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் அந்தப் பருவம் முழுவதும் அணியோடு வந்து உட்கார்ந்தார். பயிற்சியிலும் ஆட்ட நேரத்திலும் பொறுப்பை அதிகம் ஏற்றுக்கொண்டவர் உதவிப் பயிற்சியாளர் ஹோலி வார்லிக். அந்த வருடமும் தேசியக் கோப்பை இல்லை. 2012 ஏப்ரலில் சம்மிட் விலகியபோது பல்கலைக்கழகம் அணியை வார்லிக்கிடமே ஒப்படைத்தது.

யார் இந்த வார்லிக்? 1976 முதல் 1980 வரை சம்மிட்டிடம் ஆடியவர். அந்த நான்கு வருடத்தில் டென்னசிக்கு ஒரு தேசியக் கோப்பைகூடக் கிடையாது. நடுவர் அவர்களே, குருவின் நினைவு தடுமாறியபோது பக்கத்தில் நின்று அணியைத் தாங்கியது, கோப்பை இல்லாத காலத்தில் அவர் வளர்த்த பெண். தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.