பினாங்கில் பிறந்தால் ஒரு கணக்கு, பேராவில் பிறந்தால் வேறு கணக்கு! செஜாராவில் நாம் தாண்டிப்போகும் இரண்டு சொற்கள்

வணக்கம் மக்களே! ஜார்ஜ்டவுனிலிருந்து பேசுகிறேன். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஆனால் வாழ ஒரு நாடு இல்லை. இப்படி மாட்டிக்கொண்ட மலேசியர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், தெரியுமா? அந்தக் கூத்தின் வேர், எஸ்.பி.எம். தேர்வின் செஜாராவுக்காக, அதாவது வரலாற்றுப் பாடத்துக்காக, நீங்கள் மனப்பாடம் செய்து மறுநாளே மறக்கும் இரண்டு சொற்களில் இருக்கிறது. தானா ஜாஜஹான், அதாவது காலனி. நெகிரி நவுங்கான், அதாவது பாதுகாப்பு நாடு.

[திரையில்: பழைய வரைபடம்]

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். 1786-ல் ஃபிரான்சிஸ் லைட் பினாங்குக்கு வந்தார். 1826-ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. 1867-ல் அவை நேரடியாக லண்டன் கைக்குப் போயின, அதாவது காலனி. 1874-ல் பேராவில் பங்கோர் ஒப்பந்தம். அவ்வளவுதான், கொட்டாவி விடாதீர்கள்.

பேராவை பிரிட்டன் காலனி ஆக்கவில்லை, அது பாதுகாப்பு நாடு. சுல்தானே ஆட்சியாளர், பக்கத்தில் ஆலோசனை சொல்ல ரெசிடென்ட் என்ற ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. ஆனால் ஒப்பந்தப்படி, மலாய்க்காரர்களின் மதம், வழக்கம் தவிர எல்லா விஷயத்திலும் அந்த ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். மாமியார் சொல்லும் ஆலோசனை மாதிரிதான்! முதல் ரெசிடென்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார்.

[திரையில்: நிபோங் திபால், பாரிட் புந்தார்]

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து பேராவின் பாரிட் புந்தாருக்குக் காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம், சரி, இரண்டு பாட்டு. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முன் நிபோங் திபால் காலனி மண், பாரிட் புந்தார் சுல்தானின் மண். நிபோங் திபாலில் பிறந்த குழந்தை பிறந்த அந்த நிமிடமே பிரிட்டிஷ் பிரஜை. பாரிட் புந்தாரில் பிறந்ததால் மட்டும் அது கிடைக்காது. (அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் பிறந்தவர் என்றால் கணக்கு மாறும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது பொருந்தும். அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.)

1957-ல் சுதந்திரம் வந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்கள் மலாயாக் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் பிரிட்டிஷ் அந்தஸ்தும் அவர்களிடமே ஒட்டிக்கொண்டிருந்தது, பறிக்கப்படவில்லை. 1983-ல் பிரிட்டனின் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த அந்தஸ்து, பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்து, 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள்' என்று பெயர் மாறியது. பெயரில் குடிமக்கள் என்று இருக்கிறது, ஆனால் பிரிட்டனில் குடியேறி வாழும் உரிமை இல்லை!

2000-களில் சில ஏஜெண்டுகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். "மலேசியக் குடியுரிமையை விட்டுவிடு, பிரிட்டிஷ்காரன் ஆகிவிடலாம்" என்றார்கள். நம்பியவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் 2002 ஜூலை 4-க்குப் பிறகு வேறு குடியுரிமையைத் தானாகத் துறந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டிருந்தது. லண்டன் உள்ளே எடுக்கவில்லை, மலேசியக் குடியுரிமையும் கையில் இல்லை. ஒரு சட்டச் சொல் ஒரு குடும்பத்தை எப்படி ஆட்டிப் படைக்கிறது, பாருங்கள்!

சரி, படிப்புக்கு வருவோம். நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம் என்று எழுதுவது வீண் என்பது என் கருத்து. சொல்லுக்குள் ஒரு ஆளை உட்கார வையுங்கள். அவருக்குச் சட்டம் போட்டது யார்? வரி யாரிடம் போனது? அவர் யாருடைய பிரஜை? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால், கட்டுரைக் கேள்வியில் பேனா தானாக ஓடும்.

'பெர்செகுத்துவான்', நம் தமிழில் கூட்டரசு, அதையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். 1896-ல் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்துக் கூட்டரசு என்றார்கள். ஆனால் அதிகாரமெல்லாம் கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்த ரெசிடென்ட் ஜெனரலிடம் குவிந்தது. பெயர் கூட்டு, சமையல் ஒரே ஆள்!

1948-லும் அதே பெயரில் ஒரு கூட்டரசு வந்தது. அதில் பினாங்கு ஆள் ஒருவரையும் பேரா ஆள் ஒருவரையும் உட்கார வைத்து, அந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலைக் கமெண்டில் போடுங்கள். சரியான பதிலை மேலே பின் செய்து வைக்கிறேன். அப்படியே சப்ஸ்கிரைபும் பண்ணிவிடுங்கள், காசா பணமா!