மூணும் நல்லதுதான், எதைத் தேர்ந்தெடுக்கிறது? கோயில் கூட்டத்த நடத்துற விதம்

வணக்கம் மக்களே. காத்து சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க, செம்பனை ஓரத்துல நின்னு பேசுறேன். மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி எந்த எஸ்டேட் டவுன்லயும் கேக்குற பேச்சுதான் இது. லயம், அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு, காலியாச்சு, சனங்க தாமானுக்கு, அதான் டவுன் குடியிருப்புக்கு வந்துட்டாங்க, பழைய கிறிஸ்தவக் கோயில் மட்டும் தோட்டத்துக்குள்ள நிக்குது. கையில கொஞ்சம் ரிங்கிட் சேர்ந்திருக்கு. கூரைய மாத்துறதா, டவுன்ல கடைவீடு எடுத்துப் பூசை வைக்கிறதா, பிள்ளைங்க டியூஷனுக்குப் போடுறதா?

மூணுமே நல்லது, சிக்கலே அதுதான். ஒண்ணு கெட்டதா இருந்தா தள்ளிட்டுப் போயிரலாம். ஜெபிச்சு, யோசிச்சு, நல்லதுங்கள்ல ஒண்ண எடுக்குறது, இதுக்குத்தான் 'தெளிந்து தேர்தல்'னு சொல்றாங்க. இயேசு சபையத் தொடங்கின புனித இஞ்ஞாசியாரோட 'ஆன்மிகப் பயிற்சிகள்', 1548ல பாப்பரசர் ஒப்புதல் கொடுத்த நூல், அதுல தேர்வுக்கு வர்ற விஷயம் நல்லதா, இல்ல தீமை இல்லாததாவாவது இருக்கணும்னு போட்டிருக்கு.

நடைமுறையில அதுக்கு மேல ஒண்ணு வேணும்: அது நடக்கக்கூடியதா இருக்கணும். அதனால மொதல் வேலை ஜெபம் மட்டும் இல்ல, தாளும் வேணும். பழைய கோயில் நிக்கிற மண்ணு யார் பேர்ல? தோட்டக் கம்பெனி பேர்ல இருந்தா, அவங்க எழுத்துல சம்மதம் கொடுக்காம கூரைக்குக் காசு போடக்கூடாது. நாளைக்குத் தோட்டத்த வித்துட்டா போட்ட தகரமும் போச்சு. கடைவீட்டோட கெரான்ல, அதான் நிலப் பத்திரத்துல, நிலத்துக்கு என்ன நிபந்தனைனு படிங்க. கடைக்குன்னு கொடுத்த எடத்துல வழிபாடு வைக்கலாமானு நில அலுவலகத்துலயும் உள்ளூர் மன்றத்துலயும் எழுதிக் கேட்டு, பதில வாங்கி வச்சுக்குங்க. டியூஷன்னா வாரத்துல எத்தன நாள், யார் சொல்லித் தர்றது, ராத்திரி 9 மணிக்குப் பிள்ளைங்கள யாரு வீட்டுல விடுறது? இந்தக் கடைசிக் கேள்வியத்தான் எல்லாரும் மறப்பாங்க. தாள் இல்லாம உக்காந்தா ஆளாளுக்கு ஆசையச் சொல்லிட்டுக் கலைவாங்க, அவ்வளவுதான்.

இப்போ முக்கியமான எடம். 1539ல இஞ்ஞாசியாரும் தோழர்களும் ரோமுல, தங்கள்ல ஒருத்தருக்குக் கீழ்ப்படிஞ்சு நடக்கலாமானு முடிவெடுத்த விதத்தப் பாருங்க. தனியா ஜெபிக்கணும். வெளியில அதப் பத்திப் பேசி யாரையும் தன் பக்கம் இழுக்கக்கூடாது. தன்னையே இந்தக் கூட்டத்துக்கு அந்நியனா நெனச்சுக்கிட்டு யோசிக்கணும். அப்புறம் ஒரு நாள் எல்லாருமே 'வேண்டாம்'ங்கிறதுக்குக் காரணம் சொன்னாங்க, மறுநாள் எல்லாருமே 'வேணும்'ங்கிறதுக்கு. இதுல இருக்கிற சூட்சுமத்தக் கவனிங்க. கடைவீட்டுக்காகத் தொண்டை கிழியப் பேசுறவரும் மொதல்ல அது ஏன் சரிவராதுனு சொல்லியாகணும். கட்சி கட்ட வழியே இல்ல.

நீங்களும் ஒரு தடவைக்கு ஒரே கேள்வி வைங்க. 'கடைவீடு எடுக்கலாமா?' அவ்வளவுதான். மூணையும் ஒண்ணா வச்சா பேச்சு சிதறிரும்.

உக்கார்ற முறை இப்படி. 7 பேருக்கு ஒரு வட்டம். ஆளுக்கு 3 நிமிஷம், யாரும் குறுக்க பேசக்கூடாது, பதிலும் சொல்லக்கூடாது. 21 நிமிஷம் ஆகும். 4 நிமிஷம் மௌனம். ரெண்டாவது சுத்துல சொந்தக் கருத்து வேண்டாம், மத்தவங்க சொன்னதுல மனசத் தொட்டது எதுனு மட்டும் சொல்லணும், ஆளுக்கு 2 நிமிஷம். மறுபடி மௌனம். மூணாவதுதான் சேர்ந்து பேசுறது. ஒண்ணேகால் மணி நேரம் ஒதுக்குங்க. ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட வைக்காதீங்க, நாசி லெமாக் வாசம் வந்தா மௌனம் எங்க நிக்கும்?

எங்க கெடும்? அதிகம் நன்கொடை கொடுத்தவர் மொதல்ல பேசினா. அதனால வட்டத்துல வயசுல சின்னவங்க தொடங்கட்டும். பாட்டிமாருக்கும் அதே 3 நிமிஷம், 'நான் என்னத்தச் சொல்ல'னு தள்ளினாலும் காத்திருங்க. அடுத்தது வாட்ஸப் குரூப். வட்டத்துல அடங்கினது ராத்திரி 11 மணிக்கு அங்க வெடிக்கும், அந்தப் பேச்சே அங்க வேண்டாம். மூணாவது, 'ஜெபத்துல ஆண்டவர் சொல்லிட்டாரு'னு ஒருத்தர் முடிச்சு வைக்கிறது. என் அபிப்பிராயத்துல இதுதான் ரொம்ப மோசம், ஏன்னா பதில் பேசுறவர் விசுவாசம் இல்லாதவர் மாதிரி ஆயிருவாரு.

ஓட்டு சட்டுனு முடியும்தான். ஆனா 24க்கு 21னு ஜெயிச்சா அந்த 21 பேரும் அடுத்த மாசம் காணிக்கை உறையில என்ன போடுவாங்கனு யோசிச்சுக்குங்க. ஒருமனம் வரலன்னா தள்ளி வைங்க, தப்பில்ல.

கத்தோலிக்கக் கோயில்னா இன்னொண்ணு. பங்கு மக்களோட பிரதிநிதிங்க இருக்கிற பங்குப் பேரவை ஆலோசனைதான் சொல்லும். பங்குச்சாமி மூலமா ஆயரகத்துக்கு, அதான் பிஷப் அலுவலகத்துக்கு எழுதணும், இங்கன்னா பினாங்கு மறைமாவட்டம். மக்கள்கிட்ட 'முடிவாயிருச்சு'னு அறிவிச்சுட்டுக் கடிதம் எழுதுறது தலைகீழ் வேலை.

முடிவெடுத்த பிறகு 2 வாரம் ஒண்ணும் செய்யாதீங்க, முன்பணமும் கட்டாதீங்க. மனசுல அமைதி நிக்குதா, நச்சரிப்பு வருதானு பாருங்க. அதுல ஒரு எச்சரிக்கை இருக்கு: மனசு வறண்டு சோர்ந்து கெடக்குற நேரத்துல, எடுத்த முடிவ மாத்தாதேனு இஞ்ஞாசியார் சொல்றாரு. காண்ட்ராக்டர் வரல, மழையில வேலை நின்னுச்சுனு கூட்டம் கூட்டி ரத்து பண்ணக்கூடாது. புதுசா உண்மை ஒண்ணு தெரிஞ்சா, உதாரணமா கெரான்ல வேற பேர் இருந்தா, அப்போ திரும்ப உக்காரலாம்.

மினிட்ஸ் எழுதுறவங்க முடிவ மட்டும் எழுதாம, 'வேண்டாம்' நாள்ல வந்த காரணத்தையும் எழுதி வைங்க. ஒரு வருசம் கழிச்சு எதுல கை வழுக்குதுனு அந்தப் பக்கத்துலதான் தெரியும். சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க.