மேசை மேல் ஒரு ஹெல்மெட்

நடுவர் அவர்களே, அடுக்கடுக்காகப் பேசிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே, எங்கள் அணித் தோழர்களே, கைதட்டலாமா வேண்டாமா என்று பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

கணவரின் அல்லது மனைவியின் நண்பர் எந்நேரமும் கூடவே இருந்தால், அதைச் சமாளிக்கும் வழி அனுசரித்துப் போவதா, வாய்விட்டுச் சொல்வதா? இதுதான் தலைப்பு. வாய்விட்டுச் சொல்வதே என்று பேச வந்திருக்கிறேன். யாரிடம், எப்படி என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். ஏனென்றால் நான் முதலில் தப்பாகச் சொன்னவள். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா ஒரு பழமொழியோடு தொடங்கினார். "முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைக்கலாமா? நட்பு முதலில் வந்தது, கல்யாணம் பின்னால் வந்தது" என்றார். நல்ல பழமொழி. கொம்பு காதை மறைப்பது இருக்கட்டும் ஐயா, எனக்கு இருந்த கவலையே வேறு. என் கணவரின் காதுக்கு என் பேச்சு கேட்கவே இல்லையே! நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அதற்குள் அந்தப் பக்கம் ஒரு ஜோக் முடிந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து வந்த அம்மா, "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். பூமியை ஆள்வதெல்லாம் பெரிய ஆசை அம்மா. என் வீட்டு சோபாவில், என் கணவர் பக்கத்தில், ஒரு ஓரமாக உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் அன்றைக்கு என் கேள்வி.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் நடுவர் அவர்களே. என் கணவருக்குக் கல்லூரியிலிருந்தே ஒரு நண்பர். கல்யாணமான புதிதில் வாரம் ஒருமுறை வந்தார். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து கதவைத் திறந்தால், மேசை மேல் ஒரு ஹெல்மெட் இருக்கும். கறுப்பு ஹெல்மெட். முன்கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். உள்ளே இரண்டு கையுறை, அதன்மேல் வண்டிச் சாவி. ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வேன். அவருக்கு ஹெல்மெட் எப்படியோ, எனக்கு அந்தச் சிரிப்பு அப்படி.

கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய சிக்கலே. கெட்டவராக இருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். பல்பு போனால் அவர்தான் மாற்றுவார். எந்த அலமாரியில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது என்று என் கணவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். (ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரும் நண்பரின் பார்வையோ பேச்சோ கையோ எல்லை மீறினால் அது இன்றைய தலைப்பே இல்லை. அங்கே அனுசரிப்பு என்ற வார்த்தைக்கே வேலையில்லை.) நான் சொல்வது நல்லவர்களைப் பற்றி. நல்லவர்தான், ஆனால் எப்போதும் இருக்கிறார்.

நான் என்ன செய்தேன்? எதிரணி சொன்ன அத்தனையையும் செய்தேன். அனுசரித்தேன். வந்தவருக்குச் சேர்த்து மூன்றாவது தட்டை எடுத்து வைத்தேன். உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். பாத்திரம் பேசும், கணவருக்குப் புரியும் என்று நினைத்தேன். பாத்திரம் பேசியது. கணவர் என்ன செய்தார் தெரியுமா? டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம், மூன்று பேரும்தான். நண்பர் சர்வசாதாரணமாக, "அப்ப ராஜினாமா கடிதம் திங்கட்கிழமை கொடுத்துடுவியாடா?" என்றார். கரண்டி என் கையில் அப்படியே நின்றது. என் கணவர் வேலையை விடப்போகிறார். அது எனக்குத் தெரியாது. நண்பருக்கு மூன்று வாரமாகத் தெரியும். என் கணவர் என்னைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

அன்றிரவு கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லலை?" அவர் மறைக்கவில்லை நடுவர் அவர்களே, உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னார். "சொல்லணும்னுதான் இருந்தேன். நாம ரெண்டு பேரும் தனியா இருந்தப்போ சொல்லலாம்னு பார்த்தேன். அப்படி ஒரு நேரமே வரலை." எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அதற்கு மேலே ஒன்று சொன்னார் பாருங்கள்: "உனக்கு இது கஷ்டமா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தே?"

எதிரணியினரே, உங்கள் அனுசரிப்பு என் வீட்டில் சம்பாதித்துக் கொடுத்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறோம். எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு தெரிகிறது, பல் தெரிவதில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர், நட்பு உருவாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஆராய்ந்தார். 2018இல் வெளியானது. அறிமுகமானவர் ஓரளவு பழக்கமாக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் தினமும் மூன்று மணி நேரம் இருப்பார். 67 நாளில் 200 தாண்டிவிடும்! புதிதாக ஒரு உயிர்த்தோழரையே தயார் செய்துவிடலாம். அதே நாட்களில் நானும் என் கணவரும் தனியாகப் பேசியதைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வந்தது. அதில் பாதி, கதவைப் பூட்டியாச்சா, கேஸை அணைச்சாச்சா. நெருக்கம் என்பது நேரத்தால் ஆனது என்றால், கணவன் மனைவிக்கும் அதே விதிதானே? தாலி கட்டினாலும் மோதிரம் மாற்றினாலும் கையெழுத்துப் போட்டாலும் அந்த மணி நேரத்தை யாரும் தள்ளுபடி செய்து தருவதில்லை.

சரி, எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "தமிழ் மரபே நட்பைக் கொண்டாடிய மரபு. தலைவனுக்குப் பாங்கன் இல்லையா, தலைவிக்குத் தோழி இல்லையா" என்று கேட்டார்கள். இருக்கிறார்கள். களவில், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய மறைவான காதலில், பாங்கற்கூட்டம் என்று ஒரு நிலையே உண்டு. தலைவன் தன் தோழனிடம் மனதைச் சொல்லி, அவன் துணையோடு தலைவியைச் சேர்வது. அந்தத் தோழன் என்ன செய்கிறான்? அவள் இருக்கும் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்கே இருக்கிறாள், போ" என்கிறான். "வா, நானும் வருகிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்வதில்லை!

அதோடு விடவில்லை நம் இலக்கணம். தொல்காப்பியம், கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்வைச் சொல்லும் கற்பியலில், கணவன் மனைவிக்கு நடுவில் வந்து போகிற பன்னிரண்டு பேரை வரிசைப்படுத்துகிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி (பாடினி), இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். பன்னிரண்டு பேர்! எனக்கு ஒருவர் வந்ததற்கே மூச்சு முட்டியது. ஆனால் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள் நடுவர் அவர்களே. வாயில்கள். ஊடி நிற்கிற இருவரும் மறுபடி சேர்வதற்குத் திறக்கிற கதவு. கதவு முக்கியம்தான், இல்லையென்று யார் சொன்னது? கதவைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் சாத்தி வைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இது பெண்களின் புலம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர், மனைவியின் தோழியோடு நான்கு வருடமாகக் குடும்பம் நடத்துகிறார். அந்தத் தோழி வீட்டுக்கு வந்ததே இரண்டு முறைதான். போனில் இருக்கிறார். வீடியோ அழைப்பைப் போட்டு, போனை மேசையில் எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு மனைவி வேலை பார்ப்பார். இவர் துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தால் மேசையிலிருந்து, "அண்ணா, குட் மார்னிங்!"

இப்போது யாரிடம், எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். நண்பரிடம் சொல்லக் கூடாது. அவர் உங்கள் வீட்டுக் கணக்கில் எதிலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை. கூப்பிட்டது யாரோ, கதவைத் திறந்தது யாரோ, அவரிடம்தான் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டைப் பார்த்த கோபத்தோடு அதே ராத்திரியில் சொல்லக் கூடாது. "உன் ஆளு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அவரா நானா" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டவுடன் பதில் வராது, அந்த இரண்டு விநாடி மௌனத்தை ஆயுளுக்கும் மறக்க முடியாது. அனுபவம்.

கேட்க வேண்டியது நேரத்தை. "செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நமக்கு மட்டும்." அவ்வளவுதான் நான் கேட்டேன். என் கணவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் அதை நண்பரிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்காம்டா."

பழி யார் தலையில்? என் தலையில்! அந்த மனிதர் இரண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. காலியான மேசையைப் பார்த்தால் எனக்கே குற்ற உணர்ச்சி. என் கணவர் சோபாவில் கடலில் விழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இந்த இடத்தில் எதிரணி கைதட்டலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் தட்டிவிட்டு இதையும் கேளுங்கள். தவறு சொன்னதில் இல்லை, "அவளுக்கு" என்று சொன்னதில் இருந்தது. "எங்களுக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். "இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் இருக்கப்போறோம்டா, நாளைக்கு வா." இதில் யாருக்கு வலிக்கும்?

அப்புறம் நானே நண்பருக்குப் போன் போட்டுக் கூப்பிட்டேன். வந்தார். ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். "தினமும் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைப்பீங்க. வரலைன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு நினைச்சேன்." அவருக்குச் சில நாள் தன் அறைக்குப் போய்ப் படுக்கத்தான் ஆசையாம். எனக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்! நான் அவருக்காகச் சிரிக்கிறேன், அவர் எனக்காகச் சாப்பிடுகிறார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அனுசரித்து, மூன்று பேருக்கும் நிம்மதி இல்லை. நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் அணிக்குச் சாதகமோ பாதகமோ. அந்த முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. நானும் என் கணவரும் மட்டும். கால் மணி நேரத்தில் பேச ஒன்றும் இல்லை. அவர் போனை எடுத்தார், நானும் எடுத்தேன். எனக்குப் பயமாகப் போய்விட்டது. குடும்பச் சிகிச்சைத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மரே போவன் இதை 'முக்கோணம்' என்றார். இருவருக்கு நடுவில் இறுக்கம் ஏறினால், அதைத் தாங்க ஒரு மூன்றாம் ஆளை இழுத்து உட்கார வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் அந்த மூன்று மணி நேரச் சிரிப்பும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தின் மேல் போட்ட பலகை. பலகையைத் திட்டிக்கொண்டே அதன்மேல் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். எதிரணி சொல்வது போல் இன்னும் பத்து வருடம் பொறுத்திருந்தால் பள்ளம் இருப்பதே தெரிந்திருக்காது. மூன்றாவது செவ்வாய்க்கிழமைதான், வேலையை விட நினைத்ததற்கான உண்மைக் காரணத்தை என்னிடம் சொன்னார். அலுவலகத்தில் ஒருவர் அவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியிருக்கிறார். அதை அந்த நண்பரிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு தகவல் நடுவர் அவர்களே. என் கணவரும் அவர் நண்பரும் அதோ நான்காவது வரிசையில்தான் இருக்கிறார்கள். இன்று செவ்வாய்க்கிழமை இல்லை, அதனால் அனுமதி. என் கணவருக்குப் பக்கத்து நாற்காலி காலி. கூட்டம் நிற்கிறது, யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அதன்மேல் ஒரு கறுப்பு ஹெல்மெட்டை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார் அந்த மனிதர். நான் போய் உட்கார வேண்டும். வணக்கம்.