இந்த சீசன்லயாவது நம்ம பேர்ஸ் அஃபென்ஸ் எழுந்து நிக்குமா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு வெளிய எங்கயும் போகல, நோட்டுப் புத்தகத்தோட வீட்டுலயே உட்கார்ந்துட்டேன். இது 2025 ஜூலை. இன்னும் கொஞ்ச நாள்ல லேக் ஃபாரஸ்ட்ல, ஹாலஸ் ஹால்ல, நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் அணி சிகாகோ பேர்ஸோட பயிற்சி முகாம் தொடங்கப் போகுது. இந்த ஊர்ல டீக்கடைக்குப் பதிலா இருக்கற எந்த காபிக் கடைக்குப் போனாலும், ஆபீஸ்ல லிஃப்ட்ல நின்னாலும், ஒரே கேள்விதான். அஃபென்ஸ், அதாவது பந்தோட முன்னேறிப் புள்ளி எடுக்கற பிரிவு, தேறுமா?

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். தேறும். பாஸைப் பிடிக்கற புது ரிசீவர் வந்துட்டாருங்கறதுக்காக நான் இதைச் சொல்லல. நடுவுல குனிஞ்சு நிக்கற மூணு பேரை நம்பித்தான் சொல்றேன். டிவியில யாரும் அவங்க முகத்தைக் காட்ட மாட்டாங்க. இன்னைக்கு நான் அவங்களைப் பத்திதான் ரொம்ப நேரம் பேசப் போறேன்.

போன வருஷம் நவம்பர் 10, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கூட மேட்ச். நான் சோல்ஜர் ஃபீல்டுல மேல் அடுக்குல உட்கார்ந்திருந்தேன். அன்னைக்கு, பந்தை எறியற நம்ம குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை 9 தடவை சாக் பண்ணாங்க. புதுசா பார்க்கறவங்களுக்கு: சாக்னா, பந்தை எறியறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கைப் பிடிச்சுத் தரையில சாய்ச்சுடறது. 9 தடவை! 19-3னு தோத்தோம். அதுக்கு முந்தின மேட்ச்லயும் டச்டவுன் (எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போறது) இல்ல, அன்னைக்கும் இல்ல. நாலாவது குவார்ட்டர்ல என் பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஆட்டத்தைப் பார்க்கறதையே விட்டுட்டு அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கறானான்னு மட்டும் பார்த்துட்டிருந்தாரு. அவன் எழுந்தா இவர் மூச்சு விடுவாரு. எனக்கும் அதே நிலைமைதான். ரெண்டு நாள்ல, அஃபென்ஸுக்குத் திட்டம் போடற கோச்சான அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரனை நீக்கிட்டாங்க.

மொத்த சீசனுக்கும் கணக்குப் பார்த்தா 68 சாக். நம்ம லீக்கான என்எஃப்எல் வரலாற்றுலயே ஒரே சீசன்ல இதைவிட அதிகமா வாங்கினவங்க ரெண்டே பேர். 2002ல டேவிட் கார் 76, 1986ல ராண்டல் கன்னிங்ஹாம் 72. நம்ம பையனுக்கு அது முதல் வருஷம். இவ்வளவு அடி வாங்கியும் எறிஞ்சது 3,541 யார்டு, 20 டச்டவுன், வெறும் 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பறிச்ச பாஸ்). பேர்ஸ்ல எந்தப் புதுமுகமும் அவ்வளவு யார்டு எறிஞ்சதில்ல.

அணி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். முதல் 6 மேட்ச்ல 4 ஜெயிச்சோம். அப்புறம் வாஷிங்டன்ல கடைசி நொடியில அவங்க குருட்டு நம்பிக்கையில எறிஞ்சு ஜெயிச்ச அந்த நீள பாஸ், அந்த ஹெய்ல் மேரி. அங்க ஆரம்பிச்சு வரிசையா 10 தோல்வி. நன்றி தெரிவிக்கும் நாள் அன்னைக்கு டெட்ராய்ட்ல 23-20னு தோத்தோம், ஆட்டத்தை நிறுத்த கையில ஒரு டைம்-அவுட் மிச்சம் வச்சுக்கிட்டே கடிகாரத்தை ஓட விட்டோம். மறுநாள் ஹெட் கோச் மேட் எபர்ஃப்ளஸ் போனாரு. நடு சீசன்ல ஹெட் கோச்சை நீக்கறது பேர்ஸ் வரலாற்றுலயே அதுதான் முதல் தடவை. முடிவுல 5 வெற்றி, 12 தோல்வி. 17 மேட்ச்ல 310 புள்ளி. யார்டு கணக்குல 32 அணியில 32ஆவது இடம்.

சரி, இப்ப அந்த மூணு பேர்: குவாட்டர்பேக்குக்கு முன்னாடி நடுவுல நிக்கற சென்டரும், அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கற ரெண்டு கார்டும்.

ஒரு பரிசோதனை பண்ணுங்க. மனசுக்குள்ள "ஒன்னு, ரெண்டு, மூணு" எண்ணுங்க. எண்ணியாச்சா? குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கற மொத்த நேரமே அவ்வளவுதான். அதுக்குள்ள யார் எங்க ஓடறாங்கன்னு பார்த்து, முடிவெடுத்து, எறியணும். ஓரத்துல இருந்து எதிராளி சுத்தி வந்தா பரவாயில்ல, குவாட்டர்பேக் ரெண்டு அடி முன்னாடி நகர்ந்தா அவன் பின்னாடியே தாண்டிப் போயிடுவான். நடுவுலயே சுவர் இடிஞ்சா? முன்னாடி போக இடமே இல்ல. கண்ணுக்கு நேரா ஆள் வரான், எறியற கையை நீட்டவே முடியாது. போன வருஷம் நமக்கு வாரா வாரம் நடந்தது இதுதான். கார்டுங்க அடிபடறது, மாத்தறது, திரும்ப மாத்தறது.

இந்த மார்ச்ல மூணு இடத்தையும் ஒரே மூச்சுல மாத்திட்டாங்க. இடது கார்டுக்கு கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ்ல இருந்து ஜோ தூனி. 4 சூப்பர் பௌல் (லீக்கோட இறுதிப் போட்டி) மோதிரம் வச்சிருக்கற ஆள், ரெண்டு பேட்ரியட்ஸ்ல, ரெண்டு சீஃப்ஸ்ல. அவருக்காக நாம கொடுத்தது, கல்லூரி ஆட்டக்காரங்களை அணிங்க முறை வச்சு எடுக்கற 2026 டிராஃப்ட்ல ஒரு நாலாவது ரவுண்டு தேர்வு மட்டும். அவருக்கு 32 வயசாச்சு, ஒத்துக்கறேன். ஆனா டாம் பிரேடி, பேட்ரிக் மஹோம்ஸ்னு ரெண்டு பெரிய குவாட்டர்பேக்குக்கும் முன்னாடி நின்னு காவல் காத்த மனுஷன். சென்டருக்கு அட்லாண்டாவுல இருந்து ட்ரூ டால்மன், 3 வருஷத்துக்கு 42 மில்லியன் டாலர். வலது கார்டுக்கு ஜோனா ஜாக்சன். ராம்ஸ்ல இருந்து வராரு, அதுக்கு முன்னாடி டெட்ராய்ட்ல, இப்ப நம்ம ஹெட் கோச்சா வந்திருக்கற பென் ஜான்சன்கிட்ட ஆடினவரு. புது கோச் என்ன கேப்பாருன்னு அவருக்கு ஏற்கனவே தெரியும்.

பென் ஜான்சன் பத்தி. டெட்ராய்ட் லயன்ஸ்ல 3 வருஷம் அஃபென்ஸ் கோஆர்டினேட்டரா இருந்தாரு. போன சீசன்ல அவரோட அஃபென்ஸ் எடுத்த புள்ளி 564, லீக்லயே முதல் இடம். எங்களை விட 254 புள்ளி கூட. டிசம்பர்ல அவர் நம்ம மைதானத்துக்கே வந்து என்ன பண்ணாருன்னு ஞாபகம் இருக்கா? ஜாரட் காஃப் தடுமாறற மாதிரி நடிச்சாரு, ஜாமியர் கிப்ஸ் வேணும்னே தரையில விழுந்தாரு, நம்ம டிஃபென்ஸ் மொத்தமும் பந்து நழுவிடுச்சுன்னு நினைச்சு நின்னுச்சு. அதுக்குள்ள சாம் லாபோர்டா கையில டச்டவுன். அன்னைக்கு எனக்குக் கோபம் வரல. ஏக்கம்தான் வந்துச்சு. நம்ம பக்கத்துல இப்படி யோசிக்கற ஒருத்தர் எப்ப வருவாருன்னு. ஒரே மாசத்துல அவரே வந்துட்டாரு.

ஆனா அந்த மாதிரி தந்திர ஆட்டம் அவரோட உண்மையான பலம்னு நான் நினைக்கல. ஓட்டமும் பாஸும் ஆரம்பத்துல ஒரே மாதிரி தெரியணும்ங்கறதுதான் அவரோட அஃபென்ஸோட உயிர். குவாட்டர்பேக் சென்டருக்கு ஒட்டிப் பின்னாடி நிப்பாரு, பந்தை வாங்கித் திரும்புவாரு, பந்தோட ஓடற ரன்னிங் பேக்குக்குக் கொடுக்கற மாதிரி கை நீட்டுவாரு. எதிரணி டிஃபென்ஸ்ல ரெண்டாவது வரிசையில நிக்கற லைன்பேக்கர் ஒரு அடி முன்னாடி வந்தாப் போதும், அவர் பின்னாடி ஒரு பெரிய இடைவெளி விழும். பந்து அங்க போகும்.

என் கவலையும் அங்கதான் ஆரம்பிக்குது. கேலப் கல்லூரி நாள்ல இருந்தே பெரும்பாலும் ஷாட்கன்ல, சென்டருக்கு அஞ்சு கெஜம் பின்னாடி நின்னு பழகினவரு. ஆட்டம் முழுக்கக் கண்ணு முன்னாடி விரிஞ்சு இருக்கும். இப்ப எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மறுபடி பார்க்கும்போது எல்லாமே இடம் மாறியிருக்கும். அதைக் கத்துக்க நாள் ஆகும். இன்னொன்னு, இதை மனசு நோகாம சொல்ல முடியல: அந்த 68 சாக்குக்கும் முன்வரிசை லைன் மட்டுமே காரணம் இல்ல. கணிசமான தடவை பந்தை அவரே ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. இன்னும் நல்லதா ஏதாவது திறக்கும்னு காத்திருப்பாரு. கல்லூரியில அது நடந்துச்சு, 2022ல கல்லூரி ஆட்டத்தோட பெரிய விருதான ஹெய்ஸ்மனை வாங்கிக் கொடுத்துச்சு. இங்க நடக்காது. போன வருஷம் எறிஞ்சதுல 62.5 சதவீதம் கைக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ஜான்சன் 70 சதவீதம்னு இலக்கு வச்சிருக்காரு. அது ரொம்பப் பெரிய தாவல். 66 வந்தாலே நான் கை தட்டுவேன்.

ரிசீவர் பக்கம் சீக்கிரம் முடிச்சுடறேன், அங்க எனக்குப் பெரிய பயம் இல்ல. டிஜே மூர் இருக்காரு, ரோம் ஒடுன்ஸே ரெண்டாவது வருஷத்துக்கு வராரு. கீனன் ஆலனோட ஒப்பந்தம் முடிஞ்சுடுச்சு. டிராஃப்ட்ல 10ஆவது தேர்வா மிச்சிகன் டைட் எண்ட் (தடுக்கறதும் பாஸ் பிடிக்கறதும் ரெண்டும் செய்யறவர்) கோல்ஸ்டன் லவ்லேண்ட், ரெண்டாவது ரவுண்டுல லூதர் பர்டன். லவ்லேண்டுக்கு ஜனவரியில தோள்பட்டை அறுவை சிகிச்சை, அதனால செப்டம்பர்ல அவர்கிட்ட ரொம்ப எதிர்பார்க்காதீங்க.

ரன்னிங் பேக்? இங்கதான் எனக்குத் திருப்தி இல்ல. டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் போன வருஷம் 959 யார்டு ஓடினாரு, ஆனா ஓட்டத்துக்கு 3.8 யார்டுதான். ஓட்டம் பயமுறுத்தலன்னா, அந்தக் கை நீட்டற நடிப்பை யார் நம்புவாங்க? டெட்ராய்ட்ல ஜான்சன்கிட்ட கிப்ஸும் டேவிட் மான்ட்கோமரியும் இருந்தாங்க. மான்ட்கோமரி நம்ம கையில இருந்து போனவருங்கறது இன்னும் வலிக்குது. இந்த டிராஃப்ட்ல ஏழாவது ரவுண்டுலதான் கைல் மொனாங்காயை எடுத்தாங்க, ரட்கர்ஸ் பையன். அவர் எனக்குப் பிடிச்ச ஆட்டக்காரர், ஆனா ஏழாவது ரவுண்டு ஏழாவது ரவுண்டுதான். லைனோட ஓரத்துல நிக்கற இடது டாக்கிளும் இன்னும் முடிவாகல. பிராக்ஸ்டன் ஜோன்ஸ் டிசம்பர்ல கணுக்கால் உடைஞ்சு போனவரு. கூட ஆஸி ட்ராபிலோ போட்டியில இருக்காரு.

பேர்ஸ் ரசிகனா இருந்தா இன்னொரு நினைப்பும் தூங்க விடாது. 2018ல மேட் நேகி வந்தப்பவும் இதே சந்தோஷம்தான். அவரும் அஃபென்ஸ்ல இருந்து வந்தவர்தான். முதல் வருஷம் 12 வெற்றி, 421 புள்ளி. அடுத்த வருஷம் 280. அன்னைக்கு நாம கவனிக்காம விட்டது என்னன்னா, 2018ல டிஃபென்ஸே நிறைய டச்டவுன் போட்டுக் கொடுத்துச்சு, பந்தைப் பறிச்சு நல்ல இடத்துல கொண்டு வந்து வச்சுச்சு. அஃபென்ஸுக்கு அடியில தூண் இல்ல. இந்தத் தடவை தூணை முதல்ல நட்டுட்டு மேல கட்டறாங்க. என் நம்பிக்கை இதுல இருந்துதான் வருது.

இந்த அணியா அஃபென்ஸ் தெரியாத அணி? 1940 இறுதிப் போட்டியில வாஷிங்டனை 73-0னு அடிச்சாங்க. கோச் ஜார்ஜ் ஹாலஸோட டி-ஃபார்மேஷன்ங்கற ஆட்ட அமைப்பு, குவாட்டர்பேக் சிட் லக்மன். மொத்த லீக்கும் அதைப் பார்த்துத்தான் ஆட்டத்தை மாத்திக்கிச்சு. அந்த அணியில இன்னைக்கு வரைக்கும் ஒரு குவாட்டர்பேக் ஒரு சீசன்ல 4,000 யார்டு எறிஞ்சதில்ல. லீக்ல இப்படி இருக்கற ஒரே அணி நாமதான். எரிக் கிரேமர் 1995ல எறிஞ்ச 3,838தான் இந்த 2025 ஜூலை வரைக்கும் நம்ம சாதனை. 30 வருஷம் ஆச்சு.

என் கணிப்பு எழுதி வச்சிருக்கேன், மாத்த மாட்டேன். சாக் 68ல இருந்து 40க்குக் கீழ வரும். புள்ளி மேட்சுக்கு 18ல இருந்து 23, 24. ஆனா முதல் நாலு வாரம் கரடுமுரடா இருக்கும். ரெண்டாவது வாரமே டெட்ராய்ட் போகணும், எங்க டிவிஷன்ல மத்த மூணு அணியும் போன வருஷம் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) போனவங்க. செப்டம்பர்ல ஒரு மோசமான ராத்திரி வந்ததும் கேலப்பைத் திட்ட ஆரம்பிச்சுடாதீங்க, தயவு செஞ்சு கேட்டுக்கறேன்.

செப்டம்பர் 8, திங்கட்கிழமை ராத்திரி, சோல்ஜர் ஃபீல்டுல மினசோட்டா வைக்கிங்ஸ். டிக்கெட் வாங்கிட்டேன், அதே மேல் அடுக்கு. நீங்க வீட்டுல பார்த்தா, நம்ம கைக்குப் பந்து முதல் தடவை வரும்போது, அந்த முதல் ட்ரைவ்ல, பந்தைப் பார்க்கறதை விட்டுடுங்க. 62ஆம் நம்பர் சட்டையைப் பாருங்க, அதுதான் தூனி. அவர் கால் பின்னாடி போகுதா, நின்ன இடத்துலயே நிக்குதான்னு மட்டும் கவனிச்சு எனக்கு எழுதுங்க.