ஒரே ஆவிக்கு ரெண்டு வேலை: மலையில கரி இழுத்த மாலே இன்ஜின்கள்

[திரையில்: வெர்ஜினியன் ரயில்வேயோட ஏஇ இன்ஜின், முன்பக்கம்]

முன்னாடி ரெண்டு பக்கமும் பீப்பா மாதிரி தெரியுதுல்ல, அதுதான் சிலிண்டர். குறுக்களவு 48 இன்ச், அதாவது 4 அடி. அமெரிக்காவுல எந்த ஸ்டீம் ரயில் இன்ஜின்லயும் இதைவிட பெரிய சிலிண்டர் வந்ததில்ல. 1918ல அல்கோ கம்பெனி இந்த மாதிரி 10 இன்ஜின் செஞ்சு குடுத்துச்சு. மேற்கு வெர்ஜினியா சுரங்கத்துல இருந்து நார்ஃபோக் துறைமுகத்துக்கு கரி ஏத்திட்டு போற வண்டிங்கள மலை ஏத்தணும், அதுக்குத்தான்.

சரி, எதுக்கு 4 அடி? நல்லா இழுக்கணும்னா நிறைய சக்கரம் தண்டவாளத்த பிடிக்கணும், ஆனா 10 ஜோடி சக்கரத்தையும் ஒரே சட்டத்துல பூட்டுனா மலை வளைவுல வண்டி திரும்பவே திரும்பாது. சுவிஸ் இன்ஜினியர் அனத்தோல் மாலே 1884லயே இதுக்கு வழி பேட்டன்ட் பண்ணிட்டாரு. சக்கரங்கள ரெண்டு செட்டா பிரிச்சு, பின் செட்ட பாய்லரோட இறுக்கிட்டு, முன் செட்ட கீல் போட்டு மாட்டுனா அது வளைவுக்கு ஏத்த மாதிரி தனியா திரும்பிக்கும். பாய்லர் ஆவி முதல்ல பின்னாடி இருக்குற சின்ன சிலிண்டர தள்ளும், அங்க பிரஷர் குறைஞ்ச ஆவிய வெளிய விடாம முன்னாடி சிலிண்டருக்கு அனுப்புவாங்க. பிரஷர் குறைஞ்சா ஆவி விரியும், நிறைய இடம் கேக்கும், அதான் முன் சிலிண்டர் அவ்ளோ பெருசு.

அமெரிக்காவுல இந்த மாதிரி முதல் மாலே இன்ஜின் 1904ல பால்டிமோர் அண்ட் ஓஹியோ ரயில்வேக்கு வந்துச்சு. அப்புறம் ஒரே போட்டிதான்.

[திரையில்: டிரிப்ளெக்ஸ்]

1916ல இதே வெர்ஜினியன், பால்ட்வின் கம்பெனிகிட்ட மூணு செட் சக்கரம் வச்ச ஒரு இன்ஜின வாங்குச்சு, மூணாவது செட் டெண்டருக்கு (கரியும் தண்ணியும் வைக்கிற பின்பெட்டி) அடியில. கேக்க சூப்பரா இருக்கும், ஆனா ஸ்டீம் இன்ஜின்ல வேலை முடிஞ்ச ஆவி புகைபோக்கி வழியா பாயும்போதுதான் நெருப்புக்கு காத்து இழுக்கும், இதுல பாதி ஆவி டெண்டர் பக்கமா வெளிய போயிடுச்சு. நெருப்புக்கு காத்து பத்தல, ஆறு சிலிண்டருக்கு பாய்லரால ஆவி குடுக்க முடியல, மெதுவா போனாலே மூச்சு வாங்குச்சு. போதாக்குறைக்கு கரியும் தண்ணியும் தீரத்தீர டெண்டர் லேசாகி அந்த சக்கரங்க வழுக்கும். 1920ல அத பிரிச்சு ரெண்டு இன்ஜினா ஆக்கிட்டாங்க. எத்தன சக்கரம் வேணா மாட்டலாம், பாய்லர் ஒத்துழைக்கலன்னா எல்லாம் வேஸ்ட்தான், 1918ல வந்த ஏஇ ஜெயிச்சது அதோட பெரிய பாய்லராலதான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயோட ஒய்6. ரோனோக் ஊர்ல அவங்க சொந்த ஒர்க்‌ஷாப்புலயே 1936ல ஆரம்பிச்சு 1952 வரைக்கும் 81 செஞ்சாங்க. மத்த கம்பெனிங்க பெரும்பாலும் ஆவிய ரெண்டு தடவ யூஸ் பண்றத விட்டுட்டு வேகத்துக்கு போயிட்டாங்க, இவங்க விடல, ஏன்னா கரி வண்டிக்கு வேகத்தவிட இழுவைதான் முக்கியம். கிளம்பும்போது மட்டும் நாலு சிலிண்டருக்கும் நேரா பாய்லர் ஆவி, வண்டி நகந்ததும் டிரைவர் காம்பவுண்டுக்கு, அதாவது ஆவிய ரெண்டு தடவ யூஸ் பண்ற முறைக்கு, மாத்திடுவாரு. அச்சு உரசாம சுத்த ரோலர் பேரிங் வேற, அதனால மலை இறங்கி சமதரைக்கு வந்தாலும் நல்லா ஓடும். 1960ல அங்க ஸ்டீமே நின்னுபோச்சு.

ஏஇ ஒண்ணுகூட மிஞ்சல. ஒய்6ல 2156ங்கிற ஒரு இன்ஜின் மட்டும் செயின்ட் லூயிஸ் மியூசியத்துல இருக்கு, அந்தப் பக்கம் போனா பக்கவாட்டுல நின்னு பாருங்க, பின் சிலிண்டர் 25 இன்ச், முன் சிலிண்டர் 39 இன்ச்.